உன் குரலில் உன் அத்தை

கண்ணு செல்வி,

நீ போன இடத்தில் காய்ச்சல் இல்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே ஏழு மாதம் ஆகிவிட்டது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மாடி வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அடிச்சு அடிச்சு எழுத முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். யோசிக்க என்ன இருக்கிறது? எல்லாம் நடந்தபடியே நினைவில் இருக்கிறது.

உன் அத்தையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ போன பிறகு கன்னியம்மா ஆறு மாதம் பேசவில்லை.

பக்கவாதத்தில் அவள் வாய் போனது உங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம். வலது கையும் விழுந்துவிட்டது, இடது கைதான் மிச்சம். நீ செல்போனில் படம் படமாக வைத்துக் கொடுத்தாய். காய்ந்த விரல், அவள் தேய்த்தது போனுக்கு உறைக்கவில்லை. கீபோர்டை வைத்தாய், ஒரு விரல் வைத்தால் மூன்று எழுத்து விழுந்தது. அப்புறம்தான் என் பிள்ளை தயாளன் கல்யாணத்துக்கு முன்னால் டிவியில் வீடியோ கேம் பந்தாட்டம் ஆடிய கறுப்பு கன்ட்ரோலரைப் பரணிலிருந்து எடுத்தாய். புடைத்த பொத்தான்கள், கைக்கு அடங்குகிற உருவம். அத்தை கையில் வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

அதைத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு எலக்ட்ரானிக் போர்டில் மாட்டிப் பார்த்தாய், அசையவில்லை. கம்ப்யூட்டரில் மாட்டினால் வேலை செய்கிறதே, இதில் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கு வார ஆள யாருன்னு விசாரிக்கத் தெரியும் மாமா. இந்தப் போர்டுக்குத் தெரியாது. விசாரிக்கதுக்குன்னே இன்னொரு போர்டு இது மேல வைக்கணும்."

அந்த இரண்டையும் சேர்த்துப் பற்றவைக்க என்னைக் கூப்பிட்டாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் மோட்டார் காயில் சுற்றிய கை, உனக்கு அது போதும். எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவில் அடைத்து, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்தாய்.

குரல் பதிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை! முதலில் நீயாக, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று பதிந்தாய். அத்தை அமுக்கினாள், கேட்டாள், கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, நூஸ் வாசிக்கிறா மாதிரி கீது. அவ எப்போ இப்டி பேசினா?" என்றேன்.

"அப்ப அத்தை எப்படிச் சொல்லுவாவ மாமா? நீங்க சொல்லுங்க, நான் அப்படியே சொல்லுதேன்."

"தொண்ட காஞ்சிகினு கீது, கண்ணு தெர்ல?"

'கீது' வரும்போதெல்லாம் தெற்கத்திக்காரி உனக்குச் சிரிப்பு வந்து நாலு தடவை அழித்துவிட்டுப் பதிந்தாய். அத்தைக்கும் பாதி வாயில் சிரிப்பு. நாற்பது வருஷத்தில் அவள் என்னைத் திட்டியதில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. அதிலிருந்துதான் பொறுக்கி எடுத்தோம். ஃபேன் போட வேண்டுமென்றால், "ஊடு இன்னா அடுப்பா?" என்னைக் கூப்பிட, "யோவ், எங்க போய்க்கினே?" வார்த்தை அவளுடையது, குரல் உன்னுடையது. கன்ட்ரோலரில் இருந்த பொத்தான் அத்தனைக்கும் ஒவ்வொரு பேச்சு வைத்தாய்.

உன் காரியம் முடிந்த மறுநாள் வெயில் தாங்கவில்லை. அத்தை அமுக்கினாள். "ஊடு இன்னா அடுப்பா?" என்று கூடத்தில் உன் குரல் கேட்டது. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தயாளன் அப்படியே நின்றான். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான். தெருமுனையில் போய் நிற்பது ஜன்னலில் தெரிந்தது.

அத்தையும் பார்த்தாள். அன்றைக்கே கன்ட்ரோலரைத் தலையணைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். நான் எடுத்துக் கையில் வைத்தால் விரலை மடக்கிக்கொள்வாள். பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டாள் செல்வி. இதை நான் யாரிடம் சொல்வது? நீ இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

போன மாதம் ஒரு காலையில் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். தயாளன் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அத்தையின் கால் கட்டில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் திரும்பி வந்து பார்த்தபோது கணுக்கால் கன்றிப்போய் வீங்கியிருந்தது. கண்ணீர் காது வரைக்கும் ஓடிக் காய்ந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் தயாளன் ஓடிவந்தான்.

"ஏம்மா, நான் உள்ளதானே இருந்தேன்? பொத்தான அமுக்கக் கூடாதா?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன்.

"உனுக்காகத்தான்டா அவ அதத் தொட்றதில்ல. அந்தக் கொரலு கேட்டா நீ ஊட்ட உட்டு ஓட்ற. பெத்தவளுக்குத் தெரியாதா?"

அவன் போய் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்தான். காலுக்கு ஒத்தடம் கொடுத்தான். பிறகு சோப்பு டப்பாவை எடுத்துத் தூசி துடைத்து, "நான் என் கொரல்ல எல்லாத்தையும் மாத்திப் போட்டுத் தரேன்மா" என்றான். அத்தை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆம்பிளைக் குரலில் என்னைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லையோ என்னவோ.

சரியென்று ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தான். விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. கழற்றி மாட்டினான். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினான். ஒன்றும் பேசவில்லை.

"போச்சுப்பா. அவளோட இதுவும் போச்சு. அவ எழுதி வெச்ச புரோகிராம எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது."

தரையில் உட்கார்ந்து அழுதான். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவன் அழுது நான் பார்க்கவில்லை.

கன்ட்ரோலரிலிருந்து டப்பாவுக்குப் போகிற வயரை நான் தடவிப் பார்த்தேன். ஒல்லியாக இருந்தது. வயர் விஷயத்தில் என் விரல் ஏமாறாது. நீ ஒருநாள் கெட்டுப்போன வயரை அறுத்து எனக்குக் காட்டினாயே, "செவப்பும் கருப்பும் சோறு மாமா, பச்சையும் வெள்ளையும் பேச்சு. சில சார்ஜர் வயர்ல சோறு மட்டுந்தான் இருக்கும்" என்று.

"டேய், இது வெறும் போன் சார்ஜர் வயரு. ரெண்டு கம்பிதான் கீது. வெளக்கு எரியும், பேசாது. அவ போட்ட நாலு கம்பி வயரு எங்கடா?"

அது அவன் ஆபீஸ் பையில் இருந்தது. எப்போதோ போனுக்காகக் கழற்றிக்கொண்டு, தன்னுடையதை அந்த இடத்தில் மாட்டியிருக்கிறான். தெரிந்து செய்தானா, தெரியாமலா? நான் கேட்கவில்லை. ஆனால் கால் மாட்டிய அன்று அத்தை அமுக்கியிருந்தாலும் சத்தம் வந்திருக்காது. அது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒருவேளை அமுக்கித்தான் பார்த்தாளா? தயாளன் கேட்டான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் நாலு கம்பி வயரை மாட்டி, கன்ட்ரோலரை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை அவனே பிரித்துவிட்டான். அவள் கட்டைவிரல் பொத்தான்களின் மேல் வெகுநேரம் தடவிக்கொண்டே போனது. கடைசியில் ஒன்றை அமுக்கினாள்.

"துன்னியா நைனா?"

உன் குரல். தயாளன் கண்ணை மூடிக்கொண்டான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை.

"இன்னும் இல்லமா" என்றான். ஸ்பீக்கரைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்துச் சொன்னான்.

இப்போது அவள் பேசுகிறாள். வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை எனக்குத் திட்டு விழுகிறது. தயாளன் சில நாள் பதில் சொல்கிறான், சில நாள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். ஆனால் நிற்கிறான்.

ஒன்றை மட்டும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வாரம் மத்தியானம் அவள் தூங்கும்போது, உன்னைக் கேட்க வேண்டும் போலிருந்து, நானே ஒரு பொத்தானை அமுக்கினேன். "யோவ், எங்க போய்க்கினே?" என்றாய். எங்கேயும் போகவில்லையம்மா என்றேன். அவள் விழித்துக்கொண்டாள். கன்ட்ரோலரை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. அவள் வாயை எடுத்து நான் பேசினால் கோபம் வராதா?

அதனால் உனக்கு ஒரு வார்த்தை தருகிறேன். பொத்தான் தேய்ந்தால் மாற்றுவோம், வயர் போனால் நாலு கம்பி பார்த்து வாங்குவோம், உன் குரலை யாரும் அழிக்க மாட்டோம். ஆனால் உன்னைக் கேட்பதற்காக நான் இனி அதைத் தொட மாட்டேன். எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அவள் பேசும்வரை காத்திருப்பேன்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து,
கன்னியம்மாவின் புருஷன், தயாளனின் அப்பா,
என்றைக்கும் உன் மாமா.