கீழே ஒரு வீடு

என் செல்ல மகளுக்கு,

அணை ஆய்வாளர் வந்து போனார். ‘குறைந்த அபாயம்’ என்றிருந்த, நமக்குச் சொந்தமான ஏரியின் அணையை ‘அதிக அபாயம்’ என்று மாற்றிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஹாரல், படகில் மீன் பிடித்தபடியே கத்தினான்: “என்னய்யா, உன் அணை ஓட்டையாமே!”

“ஓட்டையெல்லாம் இல்லடா. கரை கெட்டியா இருக்குன்னு அவரே சொன்னாரு. அணை உடைஞ்சா கீழ மனுஷங்க சாவாங்களான்னுதான் பாக்குறாங்க. முன்ன அங்க மாடுதான் மேஞ்சுது. இப்ப வீடு வந்திருச்சு.”

“யாரு வீடு?”

“என் பொண்ணு வீடு!” என்றேன். தென் கரோலினா முழுக்கக் கேட்டிருக்கும்.

நீ என்னோடு பேசுவதில்லை. அது கிடக்கட்டும். எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம், ஆனால் என் அணைக்குக் கீழேதான் வந்து வீடு கட்டியிருக்கிறாய்.

அழகுக்காகக் கரைமேல் நான் வளர்த்த பைன் மரங்களை வெட்டச் சொல்லிவிட்டேன். வேர்கள் கரையைத் துளைக்குமாம். வேலை முடியும்வரை ஏரி நீரையும் மூன்றடி இறக்கியாயிற்று. ஹாரலின் படகு சேற்றில் கிடக்கிறது. நாள் முழுக்கத் திட்டுகிறான். திட்டட்டும்.

‘அதிக அபாயம்’ என்ற பலகையை வாசலில் மாட்டச் சொன்னாலும் மாட்டுவேன். கீழே என் ஆள் இருக்கிறாள் என்றுதானே அதற்கு அர்த்தம்.

மழை வலுத்தால் பயப்படாதே. கரைமேல் ஒரு டார்ச் வெளிச்சம் நடந்துகொண்டிருக்கும்.

அது,
உன் அப்பா