ஷிஃபாவின் வகுப்புக்கு இருபது பேர்

காரைக்கால்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஆபிதுக்கு வாப்பாவின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் உன் தங்கச்சி ஷிஃபாவும் நானும் சுகமாக இருக்கிறோம், தோஹா வெயிலில் மாடி மாடியாய் ஏறி இறங்கும் நீயும் அவ்விதமே இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய தைலம் என்பதாலேயே பாதி வலி போய்விட்டது என்கிறாள். தினம் போனில் பேசுகிற வாப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ 'சரி வாப்பா, விடுங்க' என்று முடித்துவிடுவாய். இது அப்படி விடக்கூடிய விஷயம் இல்லை.

போன வருஷம் பட்ஜெட் வாசித்த அன்று டிவியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததற்கு உம்மா என்னைத் திட்டியது உனக்குத் தெரியும். தொழிற்பயிற்சிக்கு இத்தனை கோடி என்று வாசித்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் கோடி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு நல்ல உதாரணம் கிடைத்ததே இல்லை. இந்த ஜூன் மாதம் கிடைத்தது. அந்தக் கோடியில் ஒரு துளி நம்மூர் தொழிற்பயிற்சி நிலையத்து வாசலில் லாரியாக வந்து நின்றது. ஆறு ஏ.சி., நாலு கம்ப்ரசர், பிரிக்காத பெட்டிகளில் கருவிகள். புதிதாக ஏ.சி. மெக்கானிக் பிரிவு, அதற்கு ஒப்பந்தப் பயிற்றுநர் நம் ஷிஃபா. டிப்ளமா படிக்கும்போது உன்னிடம் போனில் சந்தேகம் கேட்டுக் கேட்டே தேறியவள், இப்போது அவள் சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்றதும் உம்மா தெருவுக்கே வட்டிலாப்பம் கொடுத்தாள்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. இருபது பேர் சேராவிட்டால் பிரிவு தொடங்காது, ஒதுக்கிய தொகை திரும்பிப் போகும், ஷிஃபாவின் வேலையும் அதோடு போகும். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்வரை பதினோரு பேர்தான். எல்லாருக்கும் காலேஜ் வேண்டும், இல்லாவிட்டால் உடனே விசா வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஊரெல்லாம் என் மாணவர்கள்தான், நான் போய்ச் சொன்னால் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று ஷிஃபாவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். முதலில் கீழவாஞ்சூர் போனோம். அங்கே ஜெகபர் சாதிக் துறைமுகத்துக்கு இரண்டு லாரி ஓட்டுகிறான், எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், மகன் அஸ்ஃபாக் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன் மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், கோவிச்சுக்காதீங்க, கணக்கு வரலேன்னா நாளைக்கு ஸ்பேனரப் புடிச்சிக்கிட்டு அலைவேன்னு என்னைப் பெஞ்சு மேல ஏத்தி வச்சுச் சொன்னது நீங்கதானே, இப்ப நீங்களே வந்து எம் மவன் கையில ஸ்பேனரக் குடுங்கறீங்களே" என்றான். டீக்கடையே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். நான் அப்படிச் சொன்னது உண்மைதான், அவனிடம் மட்டும் இல்லை, எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் அதோடு விடாமல், ஆபித் கத்தாரில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டான். பதினோரு வருஷப் பழக்கம், நாக்கு தானாக, கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டது.

திரும்பும்போது ஷிஃபா பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினாள். "ஆபித் நானா ஏ.சி. மெக்கானிக்குன்னு சொல்ல உங்களுக்கே வாய் வரல, அப்புறம் எந்த வாயால வாப்பா அடுத்த வூட்டுப் புள்ளையக் கூப்புடுறீங்க" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம் மகனே. வீடு வந்ததும் போனில் உன் வீடியோவைத் தேடி எடுத்துவைத்தேன்.

மறுநாள் பஸ் ஏறித் தனியாகவே ஜெகபரிடம் போனேன். நேற்று நான் சொன்னது பொய், என் மகன் ஏ.சி. மெக்கானிக் என்றேன். நாற்பது மாடிக் கட்டடத்தின் மேலே நின்று நீ எடுத்து அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, உன் லாரி துறைமுகத்திலிருந்து நிலக்கரியை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிற மாதிரி அறையில் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, கேஸ்தான் லாரி, கம்ப்ரசர்தான் டிரைவர் என்று விளக்கினேன். "அதுலயும் ஓவர்லோடு ஏத்துனா புடிப்பாங்களா சார்" என்று கேட்டான் பார், அப்போதே அவன் சம்மதித்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நேற்றே சொல்லியிருந்தால் உங்களுக்கு பஸ் காசு மிச்சம் என்று கிண்டல் செய்துகொண்டே அஸ்ஃபாக்கின் சான்றிதழ்களை எடுத்து வரச் சொல்லி வீட்டுக்கு போன் போட்டான். லாரி டிரைவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நாலு பேரை அவனே பிடித்துக் கொடுத்தான். பிறகு போன வீட்டிலெல்லாம் முதல் வார்த்தையாக உன் வேலையைத்தான் சொன்னேன். இன்னொரு பழைய மாணவன், சுரக்குடி அம்பலவாணன், தன் மகள் கவியாவை அனுப்பினான். கடைசி நாள் மாலை இருபத்திரண்டு பேர். நேற்று முதல் வகுப்பு. கவியா ஃபேன் மோட்டாரைப் பிரித்து மாட்டியதில் ஒரு ஸ்க்ரூ மிச்சமாம், ஷிஃபா மறுபடி முழுவதும் பிரிக்க வைத்தாளாம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு இருந்த பொறுமையைவிட அவளுக்கு அதிகம்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. நாலு வருஷம் முன் நீ லீவில் வந்தபோது ஒரு கல்யாண வீட்டில் உன்னை சூப்பர்வைசர் என்று அறிமுகப்படுத்தினேன், நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாய். உள்ளங்கைக் காய்ப்பை மறைக்கிறாய் என்று அன்றே எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் பேசாமல் இருந்தேன். ஷிஃபா படித்தது அந்தக் கையால், நாங்கள் நிம்மதியாகத் தூங்குவது அந்தக் கையால். உன்மேல் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை மகனே, அதைச் சரியான பெயர் சொல்லிச் சொல்லத் தெரியவில்லை. வாப்பாவை மன்னித்துவிடு.

அடுத்த லீவில் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளிடம் வந்து பேச வேண்டும், வேலைச் சட்டையிலேயே வா. மேலே ஏறும்போது பெல்ட் போட மறக்காதே, தண்ணீர் நிறையக் குடி, பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பார்த்து வை. உம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். அல்லாஹ் உன் கைகளில் பரக்கத்தையும் உன் உடம்பில் ஆஃபியத்தையும் சுகத்தையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
ஏ.சி. மெக்கானிக் ஆபிதின் வாப்பா
முகைதீன் பிச்சை