ரெமியின் சாதகக் குறிப்பு

லாங்கன்தால்
ஓகஸ்ட் 17, ஞாயிறு

அன்பு மகன் கோபிசனுக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். லோசானில் நீயும் ரெமியும் சுகமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்பதைக் கீழே சொல்கிறேன், கோபிக்காமல் வாசி. போனில் கதைத்தால் நீ இடையில் புகுந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுவாய் என்பதால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

உனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், ரெமி வெறும் சிநேகிதன் இல்லை என்று தை மாதம் நீ சொன்ன அன்று நான் போனை வைத்துவிட்டேன். பிறகு பதினொரு நாள் உன் அழைப்பை எடுக்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம். நீயோ அதற்குப் பிறகு மூன்று தரம் மன்னிப்புக் கேட்டு எழுதினாய், கடைசியாக எழுதியபோது பெரியப்பா மகள் வேணுகாவின் கலியாணத்துக்கு வரமாட்டேன், உங்களுக்குச் சபையில் வெட்கக்கேடு வரக் கூடாது என்றும் சேர்த்துவிட்டாய். பெரியப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. மாப்பிள்ளையின் காலைக் கழுவி, தோழனாகப் பக்கத்தில் இருக்க வேண்டிய தம்பி நீதான். நீ வராவிட்டால் அந்த இடத்தில் யாரை இருத்துவது, என்னையா?

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன், வீட்டுக்கோ மனேச்சர் என்று எழுதினேன். அதோடு முடிந்ததா? ஒவ்வொரு கடிதத்திலும் அந்த மனேச்சருக்கு ஒரு வேலை கண்டுபிடிக்க வேண்டும், அவருக்கு லீவு கொடுக்க வேண்டும், ஒருமுறை பதவி உயர்வும் கொடுத்தேன். பாத்திரம் கழுவினதில் எனக்குக் களைப்பே இல்லை, அந்த மனுசனைத் தூக்கித் திரிந்ததில்தான் இளைத்துப் போனேன். நீ பள்ளிக்கூட நாளில் இருந்து அப்படி ஒருவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறாய், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவனை இறக்கி வைத்ததற்கு மன்னிப்பு எதற்கு?

இனி விசயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் அம்மா குசினியில் அடுப்போடு நின்று, குறிப்புப் பாக்காமல் நான் ஒருத்தரையும் வீட்டுக்குள்ள எடுக்கமாட்டன் என்றாள். தச்சு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெடியனுக்குக் குறிப்பு எங்கே இருக்கப்போகிறது என்ற தைரியம் அவளுக்கு. நீ ஒருமுறை ரெமியின் போனில் இருந்து எனக்கு எடுத்தாயே, அந்த இலக்கத்துக்கு நான் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, அவன் பிறந்த திகதி, நேரம், இடம் எல்லாம் கேட்டு அனுப்பினேன். பாவம், பொலிஸ் விசாரணை என்று பயந்திருப்பான். ஆனாலும் அரை மணித்தியாலத்தில் தாயிடம் கேட்டு, திகதியோடு, காலை பத்து இருபது, லோசான் என்று அனுப்பினான், தொட்டிலில் படுத்திருக்கிற படமும் கூடவே வந்தது. அன்றில் இருந்து நாங்கள் இருவரும் வாரா வாரம் எழுதிக்கொள்கிறோம். நீ காய்ச்சலில் கிடந்ததும், பாகற்காய்க் கறி வைக்கப் போய்ச் சட்டியைக் கரியாக்கியதும் எனக்கு அந்த வழியால்தான் தெரியும். அவனை ஏசாதே, உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியது நான்.

பிறகு ஒரு சனிக்கிழமை உன் குறிப்பையும் அவன் விபரத்தையும் எடுத்துக்கொண்டு ஓல்டனுக்குப் போனேன். பாலசிங்கம் அண்ணையை உனக்குத் தெரியும், கிழமை நாட்களில் களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுவார், சனிக்கிழமையில் சாத்திரியார். பொம்பிளையின்ர நட்சத்திரத்தில இருந்துதான் எண்ணவேணும், இதில எது பொம்பிளையின்ர என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் ரயிலில் யோசிக்கவே இல்லை. தகப்பன் புத்தி, என் மகனை மாப்பிள்ளை ஆக்கிவிட்டு ரெமியின் கடதாசியை மற்றப் பக்கம் தள்ளினேன். என்ன வேலை என்றார், தச்சு வேலை என்றேன், இந்த நாட்டுப் பொம்பிளைப் பிள்ளையள் ஒரு வேலையையும் விடாதுகள் என்று மெச்சினார். பத்தில் ஆறு பொருந்துகிறது, பொம்பிளையின் நன்மைக்குப் பார்க்கிற ஸ்திரீ தீர்க்கம் இல்லாததுதான் குறை என்றார். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம், நான் காசைக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். பார்த்தாயா, இந்த வயதில் இன்னொரு மனேச்சரை உண்டாக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் கதை லாங்கன்தாலுக்கு வந்துவிட்டது. கோயிலில் அம்மாவை மறித்து, லோசானில மருமகள் எடுக்கிறியளாம் என்று கேட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து செருப்பையும் கழற்றாமல் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். அடுத்த சனிக்கிழமை, நோகிற முழங்காலோடு, தானும் ஓல்டனுக்கு வருகிறேன் என்று ரயில் ஏறினாள். பொருத்தத்தை இல்லாமல் செய்யத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சாத்திரியாருக்கு முன்னால் நான் வெயில், ரயில் பிந்தினது என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா குறுக்கே புகுந்து, அது பொம்பிளை இல்லை அண்ணை, பெடியன், பேர் ரெமி, ரெண்டு பேரும் மாப்பிள்ளையள்தான், இனி ஒழுங்கா எண்ணுங்கோ என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். பிறகு ரெமியின் நட்சத்திரத்தில் இருந்து ஒருதரம், உன்னுடையதில் இருந்து ஒருதரம் விரல் விட்டு எண்ணினார். அப்ப ஸ்திரீ தீர்க்கம் பாக்கிற வேலை இல்லை, மிச்சம் ஒன்பதில ஆறு, போன கிழமையை விடத் திறம் என்றார். எங்கட கலியாணத்துக்கு ஐஞ்சுதான் இருந்தது என்று அம்மா சொன்னாள். திரும்பி வரும்போது ரயிலில் அழுதாள். என்ர பிள்ளை என்னட்டை மன்னிப்புக் கேக்கிற அளவுக்கு நான் விட்டிட்டன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன், எனக்குக் கண் துடைக்க லேஞ்சி தந்தது எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர்.

உன்னைக் கேட்காமல் உன் கதையை வெளியே கொண்டுபோனது பிழை, மகன். இந்த வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்கிறேன். சாத்திரியார் இனி வாய் திறக்கமாட்டேன் என்றார், அவருடைய வாயை நம்பி நீ ஒன்றும் செய்யாதே. யாருக்கு எதைச் சொல்வது என்பது இனி உன் விருப்பம், தனியே வந்தாலும் சரி, ரெமியோடு வந்தாலும் சரி. ஆனால் வா. தலையைக் குனிந்துகொண்டு மட்டும் வராதே, கால் கழுவும்போது குனிந்தால் போதும்.

இருவரும் நோய் நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு நெடுங்காலம் இருக்க அம்மன் துணை நிற்பாள். மறக்காமல் உன் இடுப்பளவை அனுப்பு, அவனுடையது ஏற்கனவே வந்துவிட்டது. அம்மா இடுப்பில் ஒட்டிக் கட்டுகிற பட்டுவேட்டி இரண்டு எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே கரை.

எந்த ஹோட்டலுக்கும் மனேச்சராக இருந்திராத
உன் அப்பா,
குகநாதன்