ஃபெரி ஏறிப் போன நம்பர்

இஞ்சாருங்கோ,

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருமுன் இதைப் படியுங்கள். அதிலிருந்து போன் வயரைப் பிடுங்கியது நான்தான்.

போன் லைனில் இன்டர்நெட் அறுந்து மறுபடி பிடிக்கும்போதெல்லாம், குடும்பப் படங்கள் போட்டு இந்தக் கம்ப்யூட்டரிலேயே நீங்கள் நடத்தும் வெப்சைட்டின் விலாச நம்பர் மாறுகிறது. புது நம்பரை உங்கள் தம்பி சிவகுருவுக்குப் போனில் சொல்ல லைனை வெட்ட வேண்டும். வெட்டினால் அந்த நம்பரும் செத்துவிடும். அதனால் வீட்டிலிருந்தே உலகத்துக்குக் கடை விரித்த மேதை நீங்கள், நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அக்கரையில் தம்பி இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஃபெரி ஏறிவிட்டீர்கள்!

நீங்கள் போனதும் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஓடி வந்தார். "தங்கச்சி, ஒங்க போனுக்கு என்னா ஆச்சுலா? எந்நேரமும் என்கேஜ்! ஒங்க மருமகன் எனக்குப் போன் அடிச்சாரு. சுகந்திக்குப் புள்ள பொறந்தாச்சு!"

நம் மகள் வலியில் துடித்தபோது மருமகன் விடிந்ததிலிருந்து நம்மை அழைத்திருக்கிறார். லைனைப் பிடித்துக்கொண்டு உங்கள் வெப்சைட் விருந்தாளிக்குக் காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை.

வயரைப் பிடுங்கிப் போனில் மாட்டி மகளோடு பேசினேன். தாயும் சேயும் சுகம். அவர்களைப் பார்க்க நான் கோலாலம்பூர் பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன். மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது. சோறு நீங்களே வையுங்கள். தம்பியிடம் நீங்கள் கொடுத்த நம்பர், ஃபெரி கரை சேருமுன்னே செத்துவிட்டது.

ஞானம்

பி.கு: பேரனா பேத்தியா என்று எழுத மாட்டேன். அக்காவின் வாயையும் கட்டிவிட்டேன். மருமகனின் நம்பர் போனுக்கு அடியில் இருக்கிறது; அது மாறாது. வயரை இப்போது கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன். எதில் மாட்டுவது என்பது உங்கள் பாடு.