மங்காத மங்கு

ஜூன் 3
திட்டு என்றால் எனக்கு விழுவது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா கன்னத்திலும் இரண்டு விழுந்திருக்கிறது, கருப்பாக. அந்தத் திட்டுக்குப் பெயர் 'மங்கு' என்கிறார்கள். பெயரில்தான் மங்கு, ஒரு வருடமாக மங்குவேனா என்கிறது.

அம்மாவுக்கு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. ஊரார் முகத்துக் கருமையை எல்லாம் கம்ப்யூட்டரில் நொடியில் துடைப்பாள். இன்று முதலாளி, "நீங்க உள்ள இருந்தே வேலை பாருங்கம்மா, கவுன்டர்ல வேற பொண்ணு இருக்கட்டும்" என்றாராம். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நாலு ஜோக் சொன்னேன். நாலும் புஸ்.

ஜூன் 16
பார்லர் அக்கா ஒரு க்ரீம் டப்பா கொடுத்திருக்கிறார். பெயர் இல்லை, விலாசம் இல்லை, அநாதை டப்பா. ஆனால் திட்டு வெளுக்கிறது. அம்மா பாடுகிறாள்.

ஜூலை 24
பயமாக இருக்கிறது. கன்னம் வெங்காயத் தோல் மாதிரி ஆகி, சிவப்பு நரம்பு தெரிகிறது. பயாலஜி டீச்சர், "பேர் போடாத க்ரீம்ல ஸ்டீராய்டு இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு" என்றார். அம்மாவிடம் சொன்னேன்.

"போன வாரம் பாத்ரூம்ல பாம்புன்ன. அதுக்கு முந்தி கேஸ் லீக்குன்ன. இன்னிக்கு இதா?"

எல்லாம் விளையாட்டுக்குச் சொன்ன பொய்கள். என் வாயே எனக்கு வில்லன்.

ஜூலை 25
டப்பாவைக் காலி செய்து, குழந்தைகளுக்குப் பூசும் க்ரீமை நிரப்பிவிட்டேன். பழசு என் ஷூ பாலிஷ் டப்பாவில். நான் செய்ததிலேயே புனிதமான பிராடு.

ஜூலை 31
முகம் முழுக்கச் சிவப்பு. எரியுதாம். என்னாலயா? நல்லதுதானே செஞ்சேன் — நல்லதுதானே?

ஆகஸ்ட் 1
பார்லர் அக்கா போனில், "இதவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு இருக்கு, வாங்க" என்றார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"போகாதம்மா. டப்பாவ நான் மாத்திட்டேன்."

"விளையாடற நேரமாடி இது?"

பாலிஷ் டப்பாவைத் திறந்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 2
தோல் டாக்டர் இரண்டு டப்பாவையும் பார்த்தார். "பழசு இனிமே கூடாது. திடீர்னு நின்னதால எரியுது. நிறுத்தினது சரிதான், என்கிட்ட வந்து நிறுத்தியிருக்கணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

மங்கு மெதுவாகத்தான் குறையுமாம். முழுசாகப் போகாமலும் இருக்கலாம். மேகம் போட்டாலும் சன்ஸ்கிரீன், தொப்பி.

ஆகஸ்ட் 20
என்னிடம் அம்மா பேசுவது இவ்வளவுதான்: "சாப்பிடு." "லைட்ட அணை."

செப்டம்பர் 28
எரிச்சல் போயாச்சு. கருப்பு இருக்கிறது, ஓரத்தில் மட்டும் லேசு. அம்மா முதலாளியிடம் சொன்னாளாம்: "கவுன்டர்ல நானே உட்காருறேன் சார். என் முகத்தப் பாக்க யாரும் வரல, அவங்கவங்க முகத்தப் போட்டோ புடிக்கத்தான் வர்றாங்க." அப்பாவிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டேன்.

அக்டோபர் 5
காலையில் தூங்கி எழுந்து, முகம்கூடக் கழுவாமல் பால் வாங்கப் போனேன். கடைக்காரர், "வாங்க சார்" என்றார். தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால், மூக்குக்குக் கீழே புருவப் பென்சிலில் முறுக்கு மீசை. திரும்பினேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.