உங்கள் சிரமம் புரிகிறது

மார்ச் 2

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நலம். உன் அக்கா வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் 'ம்' மட்டும் கொட்டுவதாகச் சொல்வாயே, அதனால்தான் கடிதம்.

நீ புறப்பட்டுப் போனதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. போவதும் இருப்பதும் உன் முடிவு. அது என் கையில் இல்லை. என் மனம் மட்டும்தான் என் கையில். ஸ்டோயிக் என்கிற கிரேக்க, ரோமானியத் தத்துவப் பெரியவர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை என்று நாள் முழுக்கப் புகார்க் கவுன்ட்டரில் திட்டு வாங்குகிற எனக்கு, அவர்கள் எழுதிய புத்தகம் கிடைத்திராவிட்டால் இந்நேரம் ரத்தக் கொதிப்பு வந்திருக்கும்.

நன்றாகத் தூங்குகிறேன். நேற்று விடியற்காலையில் மின்விசிறியைத் துடைத்தேன். முந்தாநாளும் துடைத்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். சரியில்லை, திரும்ப நகர்த்தினேன். மாலையில் பேருந்து நிலையம் வரை நடந்துவிட்டு வருகிறேன். உடம்புக்கு நல்லதுதானே.

பதற்றமின்றி,
புகார்ப்பெட்டி

மார்ச் 6

ஞானி அவர்களுக்கு,

உங்களுக்கு வருத்தமே இல்லை என்று படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

அன்று நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இத்தனை வருடம் தொழிற்சாலையில் கண்ணாடி வில்லைகளை விளக்கில் பிடித்துக் கீறல் பார்த்தேன். இனி அதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க" என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உங்க சிரமம் புரியுது. இதுல நம்ம கையில என்ன இருக்குன்னு முதல்ல பாப்போம்." கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கிறவர்களிடம் சொல்கிற அதே வாக்கியம், அதே குரல். டோக்கன் ஒன்றுதான் கொடுக்கவில்லை.

"அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று கோபத்தில் சொன்னேன். தடுப்பீர்கள் என்று, நாலு புடவையை எடுத்துவைக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். நீங்களோ பையை வாசல்படி வரை தூக்கி வந்து கொடுத்தீர்கள். எந்தப் புருஷனாவது செய்வானா?

இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சேர்ந்தால் இங்கேயே தங்க வேண்டியதுதான். பதிமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சேரவா, வேண்டாமா?

கொதிப்புடன்,
உங்கள் மனைவி

மார்ச் 9

அன்புள்ள உனக்கு,

வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. சேர்வதும் சேராததும் உன் விருப்பம். எது நடந்தாலும் ஏற்றுக்கொள்வேன். உன்னைப் பிடித்து இழுப்பது அறிவுள்ளவன் செய்கிற காரியமல்ல.

சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினேன். இதுவரை ஒழுகாமல்தான் இருந்தது. இப்போது ஒழுகுகிறது.

புகார்ப்பெட்டி

மார்ச் 12, வியாழன்

பூதக்கண்ணாடி,

முந்தின கடிதத்தைக் கிழித்துப் போடு.

இன்று கவுன்ட்டருக்கு ஒருவர் வந்தார். ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லையாம். வழக்கம்போல, "உங்க சிரமம் புரியுது" என்றேன்.

"என்ன சார் புரியுது? உங்க வீட்டுல தண்ணி வருதா, இல்லையா?"

"வருது. ஆளுதான் இல்ல."

வாயில் வந்துவிட்டது. அதோடு நிற்கவும் இல்லை. நீ செருப்போடு நின்றது, நான் பை தூக்கியது, நாளைய கெடு, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். வரிசை முழுக்கக் கேட்டது. கடைசியில் நின்ற ஒரு அம்மா, "பையைத் தூக்கி வேற குடுத்தியாப்பா? ரொம்ப நல்லா இருக்கு" என்றார். மேலதிகாரி வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். எந்த வீட்டுக்குப் போவது?

நான் தூங்கவில்லை. நீ போன நாளிலிருந்தே தூக்கம் இல்லை. அந்தப் பெரியவர்கள் மேல் தவறில்லை. நடப்பதைக் கண்டு நிலைகுலையாதே என்றார்கள்; வாயையே திறக்காதே என்று நான் எடுத்துக்கொண்டேன். கூப்பிட்டால் 'வரமாட்டேன்' என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ வருவாயா என்பது என் கையில் இல்லை. வா என்று கூப்பிடுவது என் கையில்தானே இருந்தது? வா. அந்த வேலையில்தான் சேருவாய் என்றால் சொல், நான் அங்கே வந்துவிடுகிறேன்.

தபாலில் போட்டால் இது நாளைக்குள் வந்து சேராது. நானே எடுத்து வருகிறேன்.

உன்
புகார்ப்பெட்டி

மார்ச் 13
(உங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன்)

புகார்ப்பெட்டிக்கு,

உங்கள் சிரமம் புரிகிறது.

கதவுக்கடியில் கடிதத்தைத் தள்ளிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உன் ஞானி நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்காருடி" என்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் கடியுங்கள். நான் காத்திருந்ததற்கு அது போதாது.

கடைக்காரரிடம் நேற்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வருவீர்கள் என்று நம்பிச் சொல்லவில்லை. வராவிட்டால் நானே வந்து, உங்கள் கவுன்ட்டர் வரிசையில் நின்று, முறைப்படி உங்கள் மேல் ஒரு புகார் கொடுப்பதாக இருந்தேன்.

பையை இன்னும் பிரிக்கவே இல்லை. இத்தனை நாளும் அக்காவின் புடவையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். வந்து தூக்குங்கள்.