முட்டைக்குள் வளர்ந்த ரத்தக்குழாய்

என் ஆசை நைனாவுக்கு,

அம்மாவின் இடது காலில் சர்க்கரைப் புண். கட்டைவிரல் ஓரம் கறுத்துவிட்டது. உனக்கும் அங்கேதானே ஆரம்பித்தது? வேறு யாரிடமும் எனக்குப் பேச வராது, அதனால் நீ இல்லாமல் போன பிறகும் உன்னிடமே சொல்கிறேன்.

ஒன்பதாவதோடு நின்ற நான் இப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். அங்கே கரு வளரும் கோழிமுட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே ஒரு சொட்டு பெப்டைடு விடுவார்கள். புரதத்தின் சின்னத் துண்டு அது, பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். சில நாள் கழித்துப் பார்த்தால், சொட்டு விழுந்த இடத்தில் புது ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாகக் கிளைவிட்டிருக்கும். ரத்தம் போகவில்லை என்றுதானே நைனா உன் காலை எடுத்தார்கள்?

போன வியாழக்கிழமை அந்த மருந்தில் ஒரு குப்பியைத் திருடினேன். டிபன் பாக்ஸில் ஐஸ் போட்டு, காலடிப்பேட்டை வீடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

அம்மா கட்டைப் பிரித்துக் காலை நீட்டினாள். "இன்னாடி அது?"

"மருந்து."

"ஆஸ்பத்திரில குட்த்தாங்களா? எரியுமா? எரிஞ்சா கூட சந்தோஷம்டி, இந்தக் காலு கீதா இல்லியான்னே தெர்ல. ஊத்து. உங்க நைனா மாதிரி மூஞ்ச வச்சிகினு நிக்காத."

மூடியைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அந்த வெந்நீர்ப் பை நினைவுக்கு வந்தது. உன் கால் ஜில்லென்று இருக்கிறதே என்று யாரையும் கேட்காமல் நான் வைத்தது. சுட்டது உனக்குத் தெரியவில்லை. தோல் கொப்பளித்த பிறகும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தான் கால் போனதா?

குப்பியை மூடிவிட்டேன்.

மறுநாள் ஆய்வகத்தில் ஆய்வு செய்யும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் குப்பியை நீட்டினேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"முட்டையில வளந்தா மனுஷனுக்கு மருந்தாயிடுமா? இத யார் உடம்புலயும் போட்டுப் பாத்ததில்ல. குழாய் எங்க வளரும்னு சொல்ல முடியாது, கண்ணுல வேண்டாத குழாய் வளந்தா பார்வையே போயிடும். அம்மாவ ஏன் இன்னும் டாக்டர்கிட்ட காட்டல?"

"காலை எடுத்துடுவாங்கன்னு பயப்படுறாங்க."

"அம்மாவா, நீயா?"

குப்பியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இனி அங்கே வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

இன்று ஸ்கேன் எடுத்துவிட்டோம். நாளை காலை டாக்டர் சொல்வார். "நீயே போய் கேட்டுகினு வா, நான் வெளில குந்திகினு கீறேன்" என்கிறாள் அம்மா. நேற்றிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் உனக்குச் சொன்ன அன்று நான் கதவோரம் நின்றேன். அவர்கள் சொன்னது புரியாமலே எல்லோரும் தலையாட்டினோம். நாளைக்குத் தலையாட்ட மாட்டேன் நைனா. ரத்தம் எதுவரை போகிறது, அடைப்பைச் சரிசெய்ய வழி உண்டா என்று எனக்குப் புரியும்வரை கேட்பேன். விரலையோ காலையோ எடுத்தே ஆகவேண்டும் என்றால், வெளியே வந்து அதை அம்மாவிடம் நானே சொல்வேன். சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவேன்.

உன் பொண்ணு,
செல்வி